எலி வளையானாலும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்த வாக்கை, வாடகை வீட்டில் அல்லற்படும் குடும்பஸ்தரும் கூட்டுக் குடும்பத்தில் மூச்சு முட்டும் மருமகளும் தத்தம் மனக்குறைக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கில் சாட்சியாக நிறுத்தப்பட்டிருக்கும் எலிக்கு உண்மையிலேயே தனி வளை வேண்டுமா, வேண்டுமென்றால் அது எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று விசாரித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. சென்ற ஆண்டு வரையில் நானும் விசாரித்ததில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என் பேத்தியின் பிறந்தநாளுக்கென்று அவளுடைய தாய்மாமன் பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்றை வாங்கி வந்தான். கூடவே ஒரு கம்பிக் கூண்டும், இரண்டு பிடி மரத்தூளும், உள்ளங்கையகலத்தில் ரோஜா நிறமான பிளாஸ்டிக் வீடு ஒன்றும் வந்து சேர்ந்தன. பேத்தி அந்தப் பிராணிக்கு லட்டு என்று பெயர் வைத்தாள். லட்டோ பிளாஸ்டிக் வீட்டின் வாசலில் ஒரே ஒரு தடவை மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியதோடு சரி. நான்கு பகலும் கூண்டின் மூலையில், சக்கரத்துக்குப் பின்னால், தூளைக் குவித்துக்கொண்டு அதன்மேல் சுருண்டு கிடந்தது. கடைக்குப் போய்க் கேட்டோம். "சின்ன ஜீவன் சார், இதுக்கு இவ்வளவு போதும். கூண்டிலேயே பொறந்து கூண்டிலேயே வளர்ற ஜாதி. வீட்டுக்குள்ள போகலைன்னா பிடிச்சு உள்ள விட்டு, ரெண்டு நாள் வாசலை அடைச்சு வைங்க, தானா பழகிடும்" என்றார் கடைக்காரர். அவர் எங்களை ஏமாற்ற நினைத்தவர் இல்லை. தாம் நம்புவதைத்தான் சொன்னார். மாடிவீட்டுப் பெரியவரும் அதையே சொன்னார். முன்பு ஹாம்ஸ்டர் வளர்த்த அனுபவமுள்ள அடுத்த தெரு இளைஞரும் அதையே சொன்னார். ஒரே அபிப்பிராயம் இத்தனை வாய்களிலிருந்து வரும்போது அதற்கு உண்மையின் சாயல் தானே வந்துவிடுகிறது. நானும் அதை நம்பி, இரண்டு இரவுகள் அந்த ஜீவனைப் பிடித்து உள்ளே விட்டு, வாசலை அட்டைத் துண்டால் அடைத்தேன். இரண்டாம் நாள் காலையில் அட்டையை எடுத்தபோது, இரவெல்லாம் முட்டி முட்டி அதன் மூக்கு நுனியில் மயிர் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவைத்ததும் அதுதான்.

ஊரில் வழங்கும் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஹாம்ஸ்டர் சிறியது, ஆகையால் சிறிய வீடு போதும், அது கூண்டிலேயே பிறந்தது, ஆகையால் மண்ணும் வளையும் அதற்கு அவசியமில்லை, வீட்டை விலைக்கு வாங்கி வைத்தால் அதில் குடியேறுவது அதன் கடமை, குடியேறாவிட்டால் பழக்குவது நம் கடமை. இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது என் வாதம்.

கூண்டிலே பிறந்த ஜாதி என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் இதன் தோளில் ஏறித்தான் நிற்கின்றன. 1839-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், சிரியா தேசத்து அலெப்போ நகரப் பக்கத்திலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு இந்தப் பிராணியை முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி வருணித்தார். அதற்குப் பின் நெடுங்காலம் அது விஞ்ஞான உலகில் பெரும்பாலும் பெயரளவிலேயே இருந்துவந்தது. அதை வயலிலிருந்து மனிதர் வீட்டுக்கு இழுத்துவந்த சரித்திரத்தில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு சிறு பங்குண்டு என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1903-ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனவன் என்ற மருத்துவர், காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். வில்லியம் லீஷ்மன் என்பவரும் அதே ஆண்டில் அதைப்பற்றி எழுதியிருந்தமையால் இருவர் பெயரும் அந்தக் கிருமிக்குச் சேர்த்தே சூட்டப்பட்டன. அந்தக் கிருமியைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால் ஆட்லர். பரிசோதனைக்கு அவர் பயன்படுத்திய சீனத்து ஹாம்ஸ்டர் அடைபட்ட நிலையில் குட்டி போடாமையால், வேறோர் இனத்தைத் தேடித் தரும்படி அதே பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியை வேண்டிக்கொண்டார். அஹரோனி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அலெப்போவுக்கு அருகில் ஒரு கோதுமை வயலை ஏறக்குறைய 8 அடி ஆழம் தோண்டச் செய்து, அங்கே ஒரு தாயையும் 11 குட்டிகளையும் கண்டெடுத்தார்.

வளை உடைபட்டுக் குடும்பம் வெளிச்சத்துக்கு வந்த மாத்திரத்தில், அந்தத் தாய் தன் குட்டிகளில் ஒன்றைத் தானே கொன்றது. எஞ்சியவற்றையும் கொன்றுவிடுமே என்று அஞ்சிய அஹரோனி தாயைக் கொல்ல நேர்ந்தது. நாம் கூண்டு ஜாதி என்று அலட்சியமாகச் சொல்லும் வம்சத்தின் முதல் ஏட்டில் எழுதப்பட்டிருப்பது, மண்வெட்டியால் பிளக்கப்பட்ட இந்த ஒரு வீட்டின் கதை.

அடுத்த ஏடு அதைவிட முக்கியமானது. என் எதிர்க்கட்சிக்காரர்கள் இதை அறிந்திருந்தால் கூண்டின் பெயரைச் சொல்லி வாதாட முன்வந்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். பிழைத்த குட்டிகள் பல்கலைக்கழகத்துப் பிராணிக்கூடத்தின் பொறுப்பாளராகிய ஹைன் பென்-மெனாகெம் வசம் ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றை மரத் தரை வைத்த கூண்டில் விட்டார். அவை தரையைக் கடித்துத் துளைத்து, ஐந்து குட்டிகள் வெளியேறி மாண்டுபோயின. கூண்டுக்கு வந்தவுடன் அவை முதன்முதலாகச் செய்த காரியமே கீழ்நோக்கிக் குடைந்ததுதான். நெஞ்சுடைந்த பென்-மெனாகெம் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்: ஒரு பெரிய கம்பிவலைக் கூண்டில் உலர்புல்லை ஏறத்தாழ மேல்விளிம்பு வரையில் அழுத்தி நிரப்பி, மிஞ்சிய சிலவற்றை அதில் விட்டார். அவை புல்லைக் குடைந்து வழி செய்துகொண்டன. அந்தப் புல்லின் ஆழத்தில்தான் அவை கூடி இனம் பெருக்கின. இன்று உலகமெங்கும் வீடுகளில் வாழும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்தச் சிறு குடும்பத்தின் சந்ததிகளே. ஆழம் கொடுக்கப்பட்டதால் உண்டான வம்சத்தைப் பார்த்து, உனக்கு ஆழம் எதற்கு என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

அப்படியானால் சிறு கூண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1931-ஆம் ஆண்டிலேயே ஆட்லர் இவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக இவை பரவின. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் இவற்றைப் பெருக்கி விற்பதையே ஒரு தொழிலாக நடத்தினார். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டியது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தக்கதும் சீக்கிரம் கழுவத் தக்கதுமான பெட்டி. அதன் தேவைக்கு அது சரி. ஆய்வுக்கூடத்தின் சௌகரியமே கடைக்குப் போய், கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, நாளடைவில் பிராணியின் சுபாவம் என்ற பெயரைப் பெற்றுவிட்டது என்பது என் துணிபு.

தலைமுறைகள் பல கடந்தபின் சுபாவம் மாறாதா என்று இன்னும் சந்தேகிப்பவர்களுக்கு, ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளைக் காட்டுகிறேன். கூண்டு வம்சத்துப் பொன்னிற ஹாம்ஸ்டர்களையே அவர்கள் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 10 சென்டிமீட்டர் ஆழமும், மற்றொன்றுக்கு 40 சென்டிமீட்டரும், மூன்றாவதற்கு 80 சென்டிமீட்டரும் படுகைப் பொருள் கொடுத்து வைத்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன, சக்கரத்தில் அதிகமாக ஓடின. 80 சென்டிமீட்டரில் இருந்தவற்றில் ஒன்றுகூடக் கம்பியைக் கடித்ததாகக் காணப்படவில்லை. ஆழம் பெற்றவை வளை தோண்டிக் குடியேறின. யாரும் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தாயோ பாட்டியோ வளை தோண்டக் கண்டதுமில்லை. இரவில் கம்பியைக் கடகடவென்று கடிக்கும் ஓசையைக் கேட்டு, விளையாடுகிறது என்று மகிழும் வீடுகள் நம் நகரத்தில் எத்தனையோ! எங்கள் வீட்டிலும் முதல் வாரம் அப்படித்தான் மகிழ்ந்தோம்.

இனிச் சிறியதுக்குச் சிறியது போதும் என்ற வாதம். பெரிய ஹாம்ஸ்டர் ஒன்றின் எடை ஏறத்தாழ 100 முதல் 150 கிராம். நீளம் ஒரு சாண் கூட இராது. ஆனால் உடம்பின் அளவு ஒன்று, வாசஸ்தலத்தின் அளவு வேறொன்று என்பதை நம் தென்னந்தோப்பிலும் வரப்போரத்திலும் நாம் நாள்தோறும் பார்க்கிறோமே. தூக்கணாங்குருவியை அதன் கூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறையானை அதன் புற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறிஞர் ரோல்ஃப் காட்டர்மனும் அவருடைய சகாக்களும் 1997-லும் 1999-லும் சிரியாவிலும் துருக்கியிலும் சுற்றி, காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்தார்கள். வளைகளின் ஆழம் 36 முதல் 106 சென்டிமீட்டர், சராசரி 65 சென்டிமீட்டர். வழிகளின் மொத்த நீளம் சராசரியாக 200 சென்டிமீட்டர், சிலவற்றில் 900 வரை. அமைப்போ மிக எளியது: செங்குத்தாக இறங்கும் ஒரே வாசல், அதன் அடியில் படுக்கை அறை, அதையடுத்துக் குறைந்தது ஒரு தானிய அறை. வளைகளில் பெரும்பாலானவை ஊர்களை ஒட்டிய விளைநிலங்களில் இருந்தன. பயிரைக் கெடுப்பது என்று அங்கே குடியானவர்கள் இவற்றை வெறுக்கிறார்கள். காட்டிலே இந்த இனம் இன்று அருகி வருகிறது. வளைக்கு வெளியே நிலத்தின்மேல் இவை கழிப்பது நாளின் மிகச் சிறிய பகுதியே. மற்றப் பொழுதெல்லாம் மண்ணுக்குள்தான். நமக்கு வீடு என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. இதற்கோ வாழ்க்கையின் பெரும்பகுதியே வீட்டுக்குள் நடக்கிறது. அந்த வீட்டை உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கிண்ணமாகக் குறுக்குவதை நான் எளிமை என்று ஒப்பமாட்டேன்.

மேலே சொன்ன அமைப்பைச் சற்று நின்று கவனித்தால், நல்ல வீடு எதுவென்பது தானே விளங்கும். அது இருட்டாயிருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும், தூங்குமிடமும் தானியம் சேர்க்குமிடமும் வெவ்வேறாயிருக்க வேண்டும். இந்தப் பிராணியின் வாழ்வில் தானியம் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு மொழிகளே சாட்சி: ஜெர்மன் மொழியில் பொருளைப் பதுக்கிவைப்பதற்கு வழங்கும் வினைச்சொல் இதன் பெயரிலிருந்தே பிறந்தது; எபிரேய மொழியில் இதன் பெயருக்கே சேர்த்துவைப்பவன் என்றுதான் பொருள். தோள்வரை நீளும் கன்னப்பைகள் இரண்டிலும் தானியத்தை அடைத்துக்கொண்டு அது வீடு திரும்பும்போது, அதன் தலை அதன் உடம்பைவிட அகலமாகிவிடுகிறது. எங்களுக்கு வந்த ரோஜா நிற வீட்டின் வாசலை அளந்தேன்: 4 சென்டிமீட்டர். பொன்னிற ஹாம்ஸ்டருக்கு வாசல் 7 சென்டிமீட்டராவது வேண்டும். நிறைந்த கன்னத்தோடு நுழைய முடியாத வீடு, நெல்மூட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு வா என்று குடியானவனிடம் சொல்லும் வீடு. அதற்கு அடிப்பலகை வேறு ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே கீழே தோண்டவும் வழியில்லை. பிளாஸ்டிக் ஆகையால் காற்றும் புகாது, ஈரமும் வெளியேறாது. சென்னையின் புழுக்கத்தில் ஒரு ஜீவன் உள்ளே மூச்சுவிட்டுத் தூங்கினால் சுவர்களில் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்கிறது. அந்த இரண்டு காலைகளில் அதை நான் கண்ணால் கண்டேன். நனைந்த படுக்கையில் படுக்க மறுத்த பிராணியைத்தான் நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறது என்று சொன்னோம்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தர்க்கந்தான். கொடுத்த வீட்டை அது ஏற்கவில்லை, ஆகையால் வீடே அதற்கு அவசியமில்லை என்கிறார்கள். அல்லது வீட்டின் அருமை தெரியவில்லை, ஆகையால் பழக்கவேண்டும் என்கிறார்கள். ஒழுகும் வீட்டைக் காலிசெய்து திண்ணையில் படுத்தவனைப் பார்த்து, இவனுக்குத் திண்ணைதான் பிரியம் என்று யாராவது சொல்வார்களா? மூலையில் சக்கரத்தின் மறைவில் தூளைக் குவித்து லட்டு செய்துகொண்டது என்ன? இருட்டைத் தேடியது, மறைவைத் தேடியது, கையில் கிடைத்த பொருளைக் கொண்டு கூடு கட்ட முயன்றது. வீடு வேண்டும் என்பதை ஒரு பிராணி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

மென்மையான பஞ்சு ஒன்றைப்பற்றி மட்டும் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கூடு கட்டுவதற்கென்று பஞ்சைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். குழந்தைக்குத் தலையணை தைப்பது போன்ற அன்போடு வாங்கிப் போடுகிறார்கள். அதன் நூலிழைகள் காலிலும் விரலிலும் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும், கன்னப்பையில் சிக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனையற்ற டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும். அதற்கு ஆகும் செலவும் பஞ்சைவிடக் குறைவு.

அடுத்தது சுத்தம். நம்மவர்க்குச் சுத்தத்தில் உள்ள சிரத்தையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாரந்தோறும் கூண்டு முழுவதையும் கொட்டி, சோப்பு நீரில் கழுவி, புதுத் தூள் பரப்பி, மணக்க மணக்க வைத்தால்தான் பிராணி ஆரோக்கியமாக வாழும் என்ற அபிப்பிராயம், வீட்டை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடுகிறது. ஹாம்ஸ்டருக்குப் பார்வை மந்தம். அது தன் உலகத்தை மூக்கால் அறிகிறது. விலாப்புறத்துச் சுரப்பிகளின் வாசனையைத் தடவித் தடவித்தான் இந்த இடம் என்னுடையது என்று அது எழுதிவைக்கிறது. அதை வாரம் ஒருமுறை அழிப்பது, ஒரு மனிதன் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் வீட்டின் சுவர், கதவு, பாத்திரம், பாய் அனைத்தையும் மாற்றி வைப்பதற்குச் சமானம். பிறகு, பழகவே மாட்டேன் என்கிறது என்று அதன்மேலேயே குற்றம் சுமத்துகிறோம். உண்மையில் இந்தப் பிராணி தன்னளவில் ஒழுங்குள்ளது. சிறுநீருக்கென்று பெரும்பாலும் ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்கிறது. அந்த மூலையை மட்டும் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். தானியக் குவியலில் வெள்ளரித் துண்டு, கேரட் போன்ற ஈரப்பொருள் கெட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, உலர்ந்த தானியத்தை அப்படியே விட்டுவிடவேண்டும். சேர்த்துவைத்ததைத் திருடிவிட்டு மறுநாள் கிண்ணத்தில் புதிதாய் நிரப்பினால் ஈடாகிவிடும் என்று நினைப்பது, சேமிப்பு என்பது என்னவென்று அறியாதார் நினைப்பு. எப்போதாவது படுகையை மாற்ற நேர்ந்தாலும் பழையதில் பாதிக்குக் குறையாமல் மீதம் வைத்துப் புதியதோடு கலந்துவிட வேண்டும். குட்டி போட்டிருக்கும் தாயின் கூட்டையோ தொடவே கூடாது. கூடு கலைந்தால் அது தன் குட்டிகளையே தின்றுவிடக்கூடும் என்பதை அலெப்போ வயலின் கதை நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது; அதைக் கொடுமை என்று சபிப்பவர்கள், கூட்டைக் கலைத்த கை யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துணையில்லாமல் வாடுமே என்று ஒரே வீட்டில் இரண்டை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். காட்டர்மன் குழுவினர் திறந்து பார்த்த வளை ஒன்றிலாவது வளர்ந்த ஹாம்ஸ்டர் இரண்டு சேர்ந்திருக்கவில்லை. பொன்னிற ஹாம்ஸ்டர்கள் இரண்டைச் சேர்த்து அடைத்தால் முடிவு இரத்தக் காயம், பலசமயம் மரணம். தனி வளை என்ற பழமொழியின் தனி என்னும் சொல் இந்தப் பிராணியின் விஷயத்தில் அட்சர சுத்தமாகப் பொருந்துகிறது.

இனி எனக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு ஆட்சேபங்களுக்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்லவேண்டும். ஏனென்றால் இரண்டும் நல்ல மனத்திலிருந்து வருபவை. ஆழமாகப் படுகை போட்டு, இருட்டறை கட்டிக்கொடுத்து, தொடாமலும் எழுப்பாமலும் விட்டுவிட்டால், குழந்தை அதைப் பார்ப்பது எப்போது, கொஞ்சுவது எப்போது, பிறகு எதற்காக வளர்ப்பது என்பது முதலாவது. என் மருமகளே இதைக் கேட்டாள். எங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருந்தது. கம்பிக் கூண்டில் இருந்த நாட்களில் லட்டை எப்போதும் பார்க்க முடிந்தது, ஆனால் பார்த்ததெல்லாம் உறங்கமுடியாமல் உறங்கும் ஓர் உரோமப் பந்தும், கையை நீட்டினால் பல்லைக் காட்டும் பயமுமே. ஒளிந்துகொள்ள இடம் பெற்றபின், மாலை ஏழரை மணிக்கு மேல் அது தானே வெளியே வந்தது; நீட்டிய விரலை மோந்து பார்த்தது; மூன்றாம் வாரத்தில் பேத்தியின் உள்ளங்கையிலிருந்து பூசணி விதை வாங்கிக்கொண்டது. பின்வாங்க ஓர் இடம் உண்டு என்று நம்புகிற பிராணிதான் முன்வந்து பழகுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது: மனிதருக்கே தலைக்குமேல் கூரையில்லாத ஊரில், ஓர் எலிக்கு இத்தனை உபசாரமா என்பது. மாடிவீட்டுப் பெரியவர் இதைக் கேட்டபோது அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. இளமையில் நடைபாதைக் குடிசையில் வாழ்ந்தவர் அவர். அவருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவே: "ஐயா, வீடற்ற மனிதருக்கு வீடு தருவது நம் எல்லாருக்கும் உள்ள கடன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிராணி நம்மிடம் வீடு கேட்டு வரவில்லை. இதன் வம்சத்துக்கு இருந்த வீட்டை உடைத்து, இதை வாங்கி, நம் அறையில் அடைத்தவர்கள் நாம். பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு உபசாரம் என்று பெயரில்லையே." அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "எவ்வளவு ஆழம் போடணும்னு சொன்னே?" என்று கேட்டார்.

ஆழம் எவ்வளவு என்பதையும், ஆசாரியை வைத்து நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, மேலே காற்றோடக் கம்பிவலை. பெட்டியின் ஒரு பாதியில் ஓர் அடிக்கு மேல் ஆழமாக, தூசியில்லாத மரச்சீவலும் உலர்புல்லும் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கையால் அழுத்தினோம். புல் இடையில் இருந்தால்தான் தோண்டும் வழி இடிந்துவிழாமல் நிற்கிறது. உமியைப் போட்டுப் பார்த்தோம், அது மணல்போல் சரிந்துவிட்டது. வீட்டை ஆசாரி மூன்று அறையாகத் தடுத்துச் செய்தார்: அடிப்பலகை கிடையாது, வார்னிஷோ சாயமோ கிடையாது, கூரையைத் தனியே தூக்கலாம், வாசலும் தடுப்புத் துளைகளும் 7 சென்டிமீட்டர். அடியில் தோண்டும்போது வீடு அமிழ்ந்து பிராணியை நசுக்கிவிடாதபடி, பெட்டியின் தரையில் ஊன்றிய நான்கு கால்கள்மேல் அதை நிறுத்தி, கூரை மட்டம் வரையில் சீவலால் மூடினோம். பெட்டியை வைத்தது வீட்டிலேயே குளிர்ச்சியான கூடத்து மூலையில்; நம் ஊர்க் கோடையில் இந்தப் பிராணிக்கு வெப்பமே பெரிய சத்துரு, அதனால் சித்திரை வைகாசியில் அது படுப்பதற்கென்று குளிர்ந்த ஓடு ஒன்றும் வைக்கிறோம். இவ்வளவுக்கும் ஆசாரி கூலி போகச் செலவானது, முன்பு அந்தக் கூண்டுக்கும் பிளாஸ்டிக் சாமான்களுக்கும் கொடுத்த விலையைவிட அதிகமில்லை. ஆசாரிக்கு வசதியில்லாதவர்கள் தடித்த அட்டைப்பெட்டியில் அறை தடுத்து, வாசல் வெட்டிக் கொடுக்கலாம்; கடித்துத் தீர்த்தால் இன்னொன்று. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் தோன்றிய குள்ள இனங்களுக்கு, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை கூட ஒரு சிறு மறைவிடமாக உதவும்.

குடியேற்றத்தின்போது நாங்கள் செய்தது மிகச் சொற்பம். பழைய மூலையில் லட்டு குவித்திருந்த தூளை அப்படியே அள்ளி, அதன் வாசனையோடு புதிய வீட்டின் நடு அறையில் வைத்தோம். டிஷ்யூ காகிதக் கீற்றுகளை வீட்டுக்குள் திணிக்காமல் வெளியே தூரத்தில் போட்டோம். கட்டுகிறவர் அவரே ஆகட்டும் என்று. தானியத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் சீவல்மேல் தூவினோம். பிறகு ஒரு வாரம் யாரும் கையை உள்ளே விடுவதில்லை, பகலில் கூரையைத் தூக்கிப் பார்ப்பதில்லை என்று பேத்தி தானே ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினாள். அந்த ஒரு வாரம் அவளுக்கு எவ்வளவு கஷ்டமாயிருந்தது என்பதை நான் அறிவேன். பள்ளியிலிருந்து வந்ததும் பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, அசைவில்லாத சீவலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் இரண்டு இரவும் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலில் நின்றது. மூன்றாம் இரவு உள்ளே போய் உடனே வெளியே வந்தது. ஐந்தாம் இரவு கண்ணாடியோரமாக ஒரு வழி தெரிந்தது. சீவலுக்குள் யாரோ விரலால் கோடு கிழித்ததுபோல் அது வீட்டின் அடிவரை இறங்கியிருந்தது. ஒன்பதாம் இரவு பதினொரு மணியிருக்கும், பேத்தி என் கட்டிலருகே வந்து மெல்லத் தட்டி எழுப்பினாள். கூடத்துக்குப் போனோம். லட்டு வெளியே வந்து, கன்னம் இரண்டும் புடைக்கக் காகிதக் கீற்றுகளை அடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. நான் எண்ணியவரையில் பதினான்கு தடவை. பிறகு வரவில்லை. சற்று நேரத்தில் வாசலின் உட்புறத்திலிருந்து ஒரு வெள்ளைக் கீற்று நகர்ந்தது, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. கடைசியில் வாசல் முழுவதும் காகிதத்தால் அடைபட்டுவிட்டது.

"தாத்தா, கதவைச் சாத்திக்கிச்சு" என்றாள் பேத்தி.

கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நாங்களும் படுக்கப் போனோம்.